டெக்சஸில் கைத்துப்பாக்கி: உரிமம் வாங்குவதா, வேண்டாமா?

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு வெளியே போக உரிமம் தேவையில்லை. அந்தச் சட்டத்தில் எழுதியிருப்பது 21 வயது. துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவராகவும் இருக்கக் கூடாது. நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தடையைத்தான். எச்-1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அதற்குள் வருவார்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பழைய உரிம முறையும் தொடர்கிறது; விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். போன வருடம் நான் வாங்கினேன்.

உரிமம் இல்லாமல் போவதில் செலவும் அலைச்சலும் இல்லை. உரிமத்துக்கு 40 டாலர் கட்டணம், கைரேகை, 4 முதல் 6 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, அப்புறம் 50 குண்டுகள் சுட்டுக் காட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை போய்விடும். சரி, அது பெரிய விஷயமில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், பொதுச் சாலையில் தெரிந்தே துப்பாக்கி வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறை. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. இல்லையென்றால் குண்டுகளை எடுத்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். 2021இல் மாறியது மாநிலச் சட்டம் மட்டுமே. பள்ளி பற்றிய இந்த மத்தியச் சட்டம் அப்படியே இருக்கிறது. டாலஸ் புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து மளிகைக் கடைக்குப் போவதற்குள் மூன்று பள்ளிகளைத் தாண்ட வேண்டும். அதில் ஒன்று என் மகள் படிக்கும் பள்ளி. இருப்பது தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெருமுனைக்குத் தெருமுனை காரை ஓரங்கட்டிக் குண்டுகளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டா இருக்க முடியும்? என் நண்பர்களில் யாரும் இதில் மாட்டியதில்லை, உண்மைதான். ஆனால் ஒரு சின்ன விபத்துக்குப் போலீஸ் வந்து நிற்கும் நாளில் என் கையில் அந்த அட்டை இருக்க வேண்டும்.

வெளிமாநில அனுபவம் எனக்குக் குறைவு; நியூ மெக்சிகோவுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். அங்கே மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கட்டாயம், டெக்சஸ் உரிமத்தை ஏற்கிறார்கள். ஆனால் பள்ளி விலக்கு மாநில எல்லையோடு நின்றுவிடும். அங்கே பெட்டியும் பூட்டும்தான்.

குடியரசுக் கட்சி உறுப்பினர் ரிச்சர்ட் ஹட்சன் 2025இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் கொண்டுவந்த மசோதா இதை மாற்றப் பார்க்கிறது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும். பள்ளி விலக்கும் கூடவே வரும். இதுவரை எனக்குச் சம்மதம். ஆனால் உரிமம் தேவையில்லாத மாநிலத்தவர் உரிமமே இல்லாமல் எங்கும் போகலாம் என்பதையும் அது சேர்த்திருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. வகுப்பில் எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது வாய்ச்சண்டையிலிருந்து எப்படி விலகுவது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்பதைத்தான். 15 கஜத் தூரத்தில் என் கை எவ்வளவு நடுங்குகிறது என்பதையும் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பயிற்சி செய்துவிட்டுத்தான் துப்பாக்கியோடு வீட்டைவிட்டு வெளியே வந்தேன்.