முன்சக்கர மின்வண்டி: மோட்டார் சக்கரத்துக்குள்ளா, சேசிஸ் மேலா?

தோப்பு, நர்சரி, கல்லூரி வளாகம் மாதிரி இடங்களில் சரக்கு ஏற்ற சொந்தமாக நாலு சக்கர மின்வண்டி கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் இ-ரிக்‌ஷாவின் பின் ஆக்சிலில்தான் தொடங்குகிறார்கள். அதில் தவறே இல்லை. மோட்டார், டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்), பிரேக் டிரம் எல்லாம் ஒரே துண்டாகக் கிடைக்கிறது, லீஃப் ஸ்பிரிங்கில் கட்டினால் ஓடும். சிக்கல் தளத்தின் உயரத்தில். அந்த ஆக்சில் முழுதாக மேலும் கீழும் ஆடும் என்பதால், சரக்குத் தளத்தை அதற்கு மேலே தூக்கித்தான் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மூட்டையையும் இடுப்புக்கு மேலே தூக்க வேண்டியிருக்கும். முன்சக்கர இழுவையைப் பற்றி யோசிக்க எனக்குத் தெரிந்து இதுதான் உருப்படியான காரணம்: பின்னால் குறுக்கே எதுவும் இல்லாவிட்டால் தளம் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 500 கிலோ, எடை முன்னும் பின்னும் சரிபாதி, சக்கரங்களுக்கு இடையே நீளவாக்கில் 1.6 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நூறு அடிக்குப் பதினைந்து அடி ஏறும் சரிவில் வண்டியை இழுக்க, உருளும் தடையையும் சேர்த்து, சுமார் 84 கிலோ விசை வேண்டும். அதே சரிவில் 25 கிலோ எடை முன்சக்கரங்களை விட்டுப் பின்னால் போய்விடும். மிச்சம் 225 கிலோ. காய்ந்த தளத்தில் பிடி (சக்கரத்தின் மேலுள்ள எடையில் எவ்வளவு பங்கை இழுவையாக மாற்றலாம் என்ற அளவு) 0.7 என்றால் 157 கிலோ வரை இழுக்கலாம், கவலையில்லை. தண்ணீர் பாய்ச்சிய மண்ணில் பிடி 0.3க்கு இறங்கினால் 67தான். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ரிவர்ஸில் ஏறினால் அந்த 25 கிலோ முன்சக்கரத்தின் பக்கமே வந்து சேரும். அப்போது 82 கிடைக்கும், அதுவும் தேவையான 84க்கு நூலிழை குறைவுதான். ஆக, உங்கள் இடத்தில் ஈரச் சரிவு அதிகம் என்றால் பின்சக்கர இழுவையே சரி, தாழ்ந்த தளத்தை மறந்துவிடுங்கள். சமதளமோ சிமென்ட் பாதையோ என்றால் மேலே படிக்கலாம்.

அடுத்தது மோட்டாரை எங்கே வைப்பது என்ற கேள்வி. முன்சக்கரம் இரண்டிலும் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்துக்குள்ளேயே உட்காரும் மோட்டார் வைப்பது கேட்க மிக எளிது. கியர் இல்லை, ஷாஃப்ட் இல்லை, டிஃபரென்ஷியல் இல்லை. யோசனையும் புதிதல்ல. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட லோனர்-போர்ஷே வண்டிக்கு முன்சக்கரங்களுக்குள்தான் மோட்டார்கள் இருந்தன. மோட்டாரைச் சேசிஸ் மேல் வைத்தால் தேவைப்படும், சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் சீராகச் சுழற்றும் சிவி ஜாயின்ட் அன்று கைக்கு எட்டவில்லை. குண்டுகள் வைத்த ஷெப்பா ஜாயின்ட் 1920களில்தான் வந்தது. 1959இல் மினி கார் வந்த பிறகு அது சின்ன வண்டிகளுக்கும் சாதாரணமாகிவிட்டது.

நான் ஹப் மோட்டாரை விரும்பாததற்கு முதல் காரணம் முறுக்குவிசை. மேலே சொன்ன சரிவில், 25 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்கு ஒவ்வொரு மோட்டாரும் சுமார் 100 நியூட்டன் மீட்டர் தர வேண்டும். கியர் உதவி இல்லாமல், மெதுவாகச் சுழன்றுகொண்டே அவ்வளவு தள்ளும்போது கரண்ட் எகிறி காயில் சூடாகும். அடுத்தது எடை. பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பும் செம்பும் ஸ்பிரிங்குக்குக் கீழே போய்விடுகிறது. தனித்தனி சஸ்பென்ஷன் போடுவதே சக்கரம் லேசாகத் துள்ளி இறங்கத்தானே? அதன் பலனில் ஒரு பங்கு இங்கேயே போய்விடும்.

இவற்றைவிடப் பெரிய தொல்லை ஸ்டீயரிங்கில் வரும். சக்கரம் திரும்பும் அச்சை, அதாவது கிங்பின் கோட்டை, தரை வரை நீட்டினால் அது டயரின் நடுவுக்கு அருகே விழ வேண்டும். சக்கரத்தின் நடுவில் மோட்டார் உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு உட்பக்கம் தள்ளிப்போகிறது. பத்து சென்டிமீட்டர் தள்ளிப்போனால், இரண்டு மோட்டாரும் ஒரே அளவில் தள்ளும்வரை தெரியாது. ஒரு பக்க கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நொடி நேரம் விட்டுப் பிடித்தாலும் ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்கும். மோட்டார் வயர்கள் சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து அச்சின் வாயில் அறுபடுவதும் வழக்கமான பழுதுதான்.

இத்தனைக்கும் பிறகு ஹப் மோட்டார்தான் போடுவேன் என்பவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: கன்ட்ரோலர் டார்க் (முறுக்குவிசை) அளவைக் கட்டுப்படுத்தும் வகையாக இருக்கட்டும். அப்படியிருந்தால் வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் தானாகவே ஓடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வகை என்றால் இரண்டு சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

என் தேர்வு சேசிஸ் மேல் மோட்டார், அதற்கு மாருதி 800இன் முன்பக்கம். சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்), ஹப், டிஸ்க் பிரேக், டிரைவ் ஷாஃப்ட், டிஃபரென்ஷியலோடு சேர்ந்த கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடுத்ததாகக் கேட்டு வாங்கலாம். 3000 சுற்றில் ஓடும் 3 கிலோவாட் மோட்டாரை ஒரு அடாப்டர் பிளேட் போட்டு அதில் மாட்டினால் போதும். அந்த மோட்டாரின் சாதாரண முறுக்குவிசை 9.5 நியூட்டன் மீட்டர்தான். முதல் கியரில் மொத்த விகிதம் ஏறக்குறைய 15க்கு 1 என்பதால், அதே சரிவுக்கு மோட்டாரிடம் கேட்பது 13, 14 மட்டுமே. சில நிமிடங்கள் தாராளமாகத் தாங்கும். சமதளத்தில் இந்தக் கியரில் 18 கி.மீ. வேகம், இரண்டாவதில் 30 கி.மீ. வரை போகலாம். கிளட்ச் வேண்டாம். ரிவர்ஸுக்கு மோட்டாரைத் திருப்பிச் சுற்றவைத்தால் போதும். முன்னோக்கிப் போகும்போது மட்டும், என்ஜின் சுற்றிய அதே திசையில் மோட்டார் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி அகலம் குறைய வேண்டும் என்று டிரைவ் ஷாஃப்டை நடுவில் வெட்டி வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது கடினப்படுத்திய உருக்கு. வெல்டிங் பட்ட இடத்தில் நொறுங்கும் தன்மையாகி, சுமையோடு ஏறும்போது முறியும். குறைத்தே ஆக வேண்டும் என்றால் லேத்தில் ஈஎன்24 உருக்குக் கம்பியில் புதிதாகக் கடைந்து ஸ்ப்ளைன் (முனையில் பல்வரி) போட்டு, ஹீட் ட்ரீட்மென்ட் செய்து வாங்குங்கள். அதைவிட, மாருதியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையேயான 1.2 மீட்டர் அகலத்தை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

சஸ்பென்ஷனில் மாருதியின் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து நிற்கும் தூணை) அப்படியே வைத்தால் வேலை மிச்சம். ஆனால் அது உயரமானது, தாழ்வான வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு கோபுரம் நிற்கும். காருக்கான ஸ்பிரிங் என்பதால் இந்த எடைக்கு விறைப்பாகவும் இருக்கும். டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கும் முறை) போட்டால் உயரம் பாதியாகும், ஆனால் கைகள் நான்கையும் நாமே செய்து, ஜிக் வைத்து அளவு பிடித்து வெல்டு செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி இருக்கிறது. மாருதி நக்கிளில் ஸ்ட்ரட் பிடிக்கும் இரண்டு போல்ட் இடத்தில் ஒரு பிராக்கெட் செய்து, அதில் மேல் பால் ஜாயின்ட்டை மாட்டினால் அதே நக்கிள் விஷ்போனுக்கு ஏற்றதாகிவிடும். நேரம் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

பின்னால் டிரெய்லிங் ஆர்ம்தான் (முன்முனையில் கீல், பின்முனையில் சக்கரம் உள்ள கை), யோசிக்கவே வேண்டாம். பஜாஜ் ஆட்டோவின் பின்சக்கரங்கள் இந்த முறையில்தான் நிற்கின்றன. கைகள் இரண்டும் ஓரத்தில் ஒதுங்குவதால் நடுவில் தளம் தட்டையாகக் கிடைக்கும். ஸ்பிரிங் கணக்கில் மட்டும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 200 கிலோ சரக்கு ஏறினால் 6 செ.மீ. இறங்கலாம் என்று வைத்தால், ஒரு சக்கரத்துக்கு மில்லிமீட்டருக்கு 16 நியூட்டன் தேவை. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 6 மி.மீ. மட்டுமே அமுங்கும் இடத்தில் ஷாக்கை மாட்டியிருந்தால், 16ஐ 0.6ஆல் ஒருமுறை அல்ல, விசைக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என இருமுறை வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 45.

பேட்டரிக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையில் 48 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் போடலாம். எதுவானாலும் அதை முன் ஆக்சிலை ஒட்டியே வையுங்கள், மேலே பார்த்த பிடிக் கணக்குக்காக. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், இறக்கத்தில் பேட்டரிக்கு மின்சாரம் திரும்ப ஏற்றுவதிலும் முன்சக்கர வண்டிக்குத்தான் லாபம். பட்டறையில் கட்டிய இந்த வண்டியை முறையான ஒப்புதலும் பதிவும் இல்லாமல் பொதுச்சாலையில் இறக்க முடியாது. வேலிக்குள் ஓட்டுவதற்கென்றே கணக்குப் போட்டுக் கட்டுங்கள்.