கேழ்வரகா, சத்துமாவா, டப்பாவா, பருப்புச் சாதமா? ஆறு மாதக் குழந்தைக்கு எது சரி

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டால் கடலூர் வீடுகளில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆயா (பாட்டி) கேழ்வரகுப் பால் என்பார். மருந்துக்கடையில் டப்பா மாவு கண்ணெதிரே அடுக்கியிருக்கும். அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வரும். நாம் சாப்பிடுகிற பருப்புச் சாதத்தையே பிசைந்து ஊட்டினால் போதாதா என்று அம்மா கேட்பாள். நான்கையும் இரண்டே கேள்விகளால் அளந்து பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் எவ்வளவு கலோரி இருக்கிறது? இரும்புச்சத்து எங்கிருந்து கிடைக்கிறது?

தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கும் 6 முதல் 8 மாதம் வரை நாளுக்குச் சுமார் 200 கலோரி வெளியுணவிலிருந்து வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் அது 300 ஆகும், ஒரு வயதைத் தாண்டினால் 550. ஆனால் வயிறு சின்னது. கிலோவுக்கு 30 கிராம் என்று கணக்கிட்டால், ஏழு கிலோ குழந்தை ஒரு வேளைக்கு 210 கிராமுக்கு மேல் கொள்ளாது. பிறக்கும்போது சேர்த்துவைத்திருந்த இரும்புச்சத்தும் இந்த வயதில் தீர்ந்துகொண்டே வரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு.

முதலில் கேழ்வரகு. நம் பக்கத்து வழக்கம், ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து, பாலைக் காய்ச்சி ஊட்டுவது. முதல் சில நாட்களுக்கு இது பரவாயில்லை. மாதக்கணக்கில் இதையே கொடுப்பதுதான் எனக்குக் கவலை. கேழ்வரகின் சத்தில் பெரும்பங்கு தோலை ஒட்டியே இருக்கிறது. 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கால்சியம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் ஒரு பங்கு சக்கையோடு போய்விடுகிறது. அதைவிடப் பெரிய குறை, கஞ்சி நீர்த்துப் போவது. 10 கிராம் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் கிடைப்பது சுமார் 33 கலோரி. 200 கலோரிக்கு ஆறு டம்ளர் கஞ்சி வேண்டும், எந்தக் குழந்தை குடிக்கும்? கெட்டியாகக் கிண்டினால் களியாகிவிடும், விழுங்காது.

இதற்கு வழி முளைக்கட்டுவது. தானியம் முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால் கஞ்சி இளகலாக இருக்கும்போதே அதில் இரண்டு மூன்று பங்கு மாவு சேர்க்கலாம். இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட்டும் குறையும். முளைவிட்ட தானியத்தை நிழலில் உலர்த்தி, வாசம் வருமளவுக்கு மட்டும் இளஞ்சூட்டில் வறுத்து அரையுங்கள். கருக வறுத்தால் நொதி செத்துவிடும், பிறகு முளைக்கட்டியும் கஞ்சி கெட்டிப்படும்.

அங்கன்வாடிச் சத்துமாவை இந்த ஊரில் பலர் மதிப்பதில்லை. மாட்டுத் தொட்டியில் கொட்டுவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்ற அளவில் அரசு தருவது இது. கோதுமை, முளைக்கட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லத்தோடு வைட்டமினும் தாதுக்களும் சேர்த்திருப்பார்கள். வெல்லத்தின் இனிப்பு ஒன்றுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துத் தின்றுவிட்டால் குழந்தையின் பங்கு காணாமல் போகும். பொட்டலத்தைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

கடை டப்பாவில் இரும்பு சேர்த்திருப்பார்கள். வெந்நீர் இருந்தால் போதும், பஸ் பயணத்துக்கு உதவும். ஆனால் விலை அதிகம். சில வகைகளில் சர்க்கரையும் இருக்கும், அட்டையைப் படித்து வாங்குங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்கின்றன. விலைக்குப் பயந்து ஒரு கரண்டி மாவைக் குறைத்துக் கரைத்தால் டப்பாவின் பலன் அத்தோடு போயிற்று.

என் முதல் தேர்வு பருப்புச் சாதம். 25 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு, ஒரு டீஸ்பூன் நெய் அல்லது எண்ணெய் சேர்த்துக் குழைத்தால் ஏறக்குறைய 165 கலோரி, ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். நெய்யில் மட்டும் 40 கலோரிக்கு மேல். ஆனால் வெறும் பருப்புச் சாதத்தில் இரும்பு போதாது. இங்கேதான் கடலோர ஊரின் வசதி கைகொடுக்கிறது. முதுநகர், தாழங்குடா, தேவனாம்பட்டினம் பக்கம் கிடைக்கும் கிழங்கானையோ சங்கராவையோ காரமில்லாமல் வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்து, சாதத்தோடு பிசைந்து ஊட்டலாம். மீனிலுள்ள இரும்பு கீரை இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும், கூட இருக்கும் பருப்பின் இரும்பையும் சேர வைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறினால் முட்டை இருக்கிறது, நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு ஆகாது. சைவ வீடுகளில் பருப்பைக் கூட்டி, கடைசியில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். பண்ருட்டி மல்லாட்டையையும் (வேர்க்கடலை) முந்திரியையும் வறுத்து மைய அரைத்துக் கலக்கலாம். முழுக் கடலையாகவோ முந்திரியாகவோ மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும்.

எங்கள் வீட்டில் நான் சொல்வது இதுதான்: காலையில் முளைக்கட்டிய கேழ்வரகு அல்லது அங்கன்வாடி மாவு, மதியம் மீனோ முட்டையோ சேர்த்த பருப்புச் சாதம், நடுவில் தாய்ப்பால். 8 மாதம் வரை இரண்டு மூன்று வேளை, பிறகு மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, மாட்டுப்பாலால் வயிற்றை நிரப்பவும் கூடாது. மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பாருங்கள். ஒரு மாதம் எடை ஏறாமல் நின்றாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் இரும்புச் சொட்டு மருந்து பற்றி ஆறு மாதம் ஆவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.