‘இது நான் பூசின நீலம் இல்லைங்க’: எண்ணெய் ஓவியத்தைப் படமெடுக்க எந்த வழி தேவலை?

என் மனைவி எண்ணெய் வண்ணத்தில் வரைகிறாள். அவற்றைப் படமெடுத்து நாலு பேருக்குக் காட்டுவது என் பொறுப்பு. நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட பொறுப்புதான். முதல் படத்தை எடுத்துப் பெருமையாக அவளிடம் நீட்டினேன். ஃபோனை வாங்கி, ஓவியத் தாங்கியில் நின்ற கேன்வாஸுக்குப் பக்கத்தில் பிடித்து, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது நான் பூசின நீலம் இல்லைங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூரிகை கழுவப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஜன்னல் வெளிச்சம், இரட்டை விளக்கு, போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி), ஃபோன், கேமரா, ஸ்கேனர் என்று கைக்கு எட்டியதையெல்லாம் முயன்று பார்த்தாகிவிட்டது. எல்லாமே ஓவியத்திலிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்கின்றன. ஒன்று நிறத்தை, ஒன்று தூரிகைத் தடத்தை, ஒன்று என் பொறுமையை. எதைப் பறிகொடுத்தால் பரவாயில்லை என்பது ஓவியத்துக்கு ஓவியம் மாறும். அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் மினுக்கம்

தாளில் தீட்டிய நீர்வண்ணம் சாது. சும்மா எடுத்தாலே ஓரளவு வந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படி விடாது. காய்ந்த பிறகும் மேற்பரப்பு பளபளக்கும். தூரிகையின் ஒவ்வொரு இழையும் விட்டுப்போன வரப்பு ஒரு குட்டிக் கண்ணாடி. அந்த வரப்புகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருப்பதால், விளக்கை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று வெளிச்சத்தை லென்ஸுக்குள் திருப்பி அடிக்கும். இருண்ட பகுதிகளில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் விழும். கேமராவில் இருக்கும் ஃபிளாஷைப் பற்றிப் பேசவே வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

மிச்சமிருப்பவை மூன்று வழிகள்.

ஜன்னலா, விளக்கா, போலரைசரா?

ஜன்னலுக்குத் தேவை நேர்வெயில் விழாத ஒரு ஜன்னலும் மேகம் போட்ட ஒரு நாளும். ஓவியத்தை ஜன்னலைப் பார்த்தபடி வைக்காமல், வெளிச்சம் பக்கவாட்டில் தடவிச் செல்லும்படி நிறுத்த வேண்டும். அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்துவிட்டால் ஓவியத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் வரும். அதை எந்தச் செயலியும் முழுசாகச் சரிசெய்யாது.

ஜன்னலின் பலவீனம், பக்கத்து ஓரம் பளிச்சென்றும் தூரத்து ஓரம் மங்கலாகவும் இருப்பது. ஓவியத்தை ஜன்னலிலிருந்து இன்னும் உள்ளே தள்ளினால் இந்த வித்தியாசம் குறையும், வெளிச்சம் குறைந்தாலும் சமமாக விழும். இருட்டுப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மக்கோல் அட்டையை நிறுத்தினால் இன்னும் நல்லது. கண்ணை நம்பாதீர்கள், கண் தானாகவே சமன் செய்து காட்டிவிடும். ஒரு வெள்ளைத் தாளை ஓவியத்தின் நான்கு மூலைகளிலும் பிடித்துப் படமெடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

இதில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்கிறது. அது கீழிருந்து வந்தால் மேடுகூடப் பள்ளமாகத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் ஓவியத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் மேல்விளிம்பு ஜன்னல் பக்கம் வரும்படி நிறுத்தி எடுக்கிறேன். பிறகு படத்தைச் சுழற்றிக்கொள்வேன். அவள் அப்பிய சாயத்தின் புடைப்பு அப்படியே நிற்கும்.

இரட்டை விளக்கு முறை ஒழுங்கான ஆள். ஒரே மாதிரி இரண்டு விளக்குகள், இரு பக்கமும் 45 டிகிரியில், ஓவியத்திலிருந்து நன்றாகத் தள்ளி. பல்பின் நிறத் துல்லிய எண், அதாவது சிஆர்ஐ, 95-க்கு மேல் இருக்கட்டும். அது குறைந்த பல்பில் சிவப்புகள் செத்துப்போகும். ராத்திரியிலும் எடுக்கலாம், பத்து ஓவியங்களையும் ஒரே மாதிரி எடுக்கலாம். கண்காட்சிக்கோ போட்டிக்கோ தொகுப்பாக அனுப்பும்போது இந்த ஒரே மாதிரித்தனம் ரொம்ப முக்கியம். ஆனால் இரு பக்கமும் சம வெளிச்சம் விழுவதால் ஒரு விளக்கு போடும் நிழலை மற்றது அழித்துவிடுகிறது. தூரிகைத் தடம் தட்டையாகிறது. மினுக்கம் மட்டும் ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் வரும்.

அந்த மினுக்கத்தை வேரோடு பிடுங்குவது மூன்றாவது முறை. விளக்குகளின் முன்னால் போலரைசர் தாள், லென்ஸின் மேல் இன்னொரு போலரைசர். லென்ஸில் இருப்பதைத் திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் மாயமாய் மறையும். கண்ணாடிபோல் தெறித்து வரும் ஒளி, தாள் கொடுத்த திசையிலேயே அதிர்ந்துகொண்டு வருகிறது. குறுக்காக நிற்கும் லென்ஸ் போலரைசர் அதைத் தடுத்துவிடுகிறது. சாயத்துக்குள் புகுந்து சிதறி வரும் ஒளி அந்தத் திசையை மறந்துவிடுவதால் அதில் ஒரு பங்கு உள்ளே வருகிறது. முதல் முறை பார்த்தபோது கைதட்டலாம்போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. பேலட் கத்தியால் அலைகளை அப்பி அப்பி அவள் வரைந்த ஒரு கடலை இந்த முறையில் எடுத்தேன். ஒரு புள்ளி மினுக்கம் இல்லை. நிறங்கள் கண்ணைப் பறித்தன. அவள் பார்த்துவிட்டு, “வழவழன்னு காலண்டர் மாதிரி இருக்கே, நான் அப்பினது எங்கே போச்சு?” என்றாள். நியாயம்தான். அலையின் முகடு முகடாகத் தெரிவதே அங்கே சிறிது வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால்தானே. கூடவே இந்த முறை நிறங்களைக் கொஞ்சம் கூடுதலாகச் செழிக்க வைக்கிறது, நிழல்களைக் கறுக்க வைக்கிறது, வெளிச்சத்தையும் நிறைய விழுங்குகிறது. டிரைபாட் இல்லாமல் நடக்காது.

ஆகவே என் தீர்ப்பு இது. அப்பிப் பூசிய ஓவியம் என்றால் ஜன்னல். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, இருண்ட பின்னணியோடு, வார்னிஷும் அடித்தது என்றால் போலரைசர். அங்கே வேறெதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் என்றால் போலரைசரை முழுசாகத் திருகாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திப் பாருங்கள். பாதி மினுக்கம் உயிரோடு இருக்கும். விளக்கு மட்டும் என்பது எனக்கு அவசரத்துக்குத்தான்.

ஃபோனா, கேமராவா?

கேமராதான் ஒசத்தி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது யோசித்தால், கடந்த ஓராண்டில் நான் அனுப்பிய படங்களில் முக்கால்வாசி ஃபோனில் எடுத்தவை.

ஃபோனின் குறை சென்சாரில் குறைவு, நாம் நிற்கும் இடத்தில் அதிகம். அதன் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் இழுபடும், செவ்வகம் சரிவகமாகும். இரண்டு மடங்கு ஜூம் வைத்துப் பின்னால் நகருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அடுத்த வில்லன் அதன் அதிகப் பிரசங்கித்தனம். நிழலைத் தூக்கும், விளிம்பைக் கூராக்கும். மாலை வெளிச்சத்தைக் காவி நிறத்தில் அவள் குழைத்து வைத்திருந்தால், “ஓ, அறை விளக்கு மஞ்சள்போல” என்று தானே முடிவுகட்டி அதைச் சாம்பலாக்கிவிடும். ரா கோப்பாக, அதாவது திருத்தாத மூலப் பதிவாக, எடுக்க முடிந்த ஃபோன் என்றால் இந்த வாலாட்டம் பெருமளவு அடங்கும்.

கேமராவில் ரா கோப்பு, 50 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடி டைமர். அவ்வளவுதான், அதற்கு மேல் வித்தை இல்லை. பெரிதாக அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் கேமரா. திரையில்தான் பார்ப்பார்கள் என்றால் டிரைபாடில் நிற்கும் ஃபோன் போதும். டிரைபாடில்லாத கேமராவை அது சுலபமாகத் தோற்கடிக்கும்.

எதில் எடுத்தாலும் லென்ஸ் ஓவியத்துக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கைக்கண்ணாடி போதும். ஓவியத்தின் நடுவில் அதைத் தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். (காய்ந்த ஓவியமா என்று முதலில் கேளுங்கள். நான் ஒருமுறை கேட்கவில்லை.) கேமராத் திரையில் உங்கள் லென்ஸே கண்ணாடிக்குள் நட்டநடுவில் தெரிந்தால் கோணம் சரி.

ஸ்கேனர்? சிறிய, தட்டையான, நன்றாகக் காய்ந்த பலகை ஓவியத்துக்கு மட்டும். மெலிந்த ஸ்கேனர்கள் கண்ணாடியை ஒட்டிய பரப்பை மட்டுமே தெளிவாகப் பார்க்கும், புடைப்பும் குழியும் கலங்கிப்போகும். ஈர எண்ணெயைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வார்னிஷுக்கு முன்னா, பின்னா?

முன்னால் எடுத்தால் மினுக்கம் குறைவு என்று பலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் எண்ணெய் உள்ளே இறங்கிய இடங்களில், முக்கியமாகப் பழுப்பும் கறுப்பும் பூசிய இடங்களில், சாயம் சாம்பல் பூத்து மங்கிக் கிடக்கும். படத்திலும் அப்படியே வரும். வார்னிஷ் அடித்த பிறகு அந்தக் கறுப்பு ஆழமாகும். வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காயவிட வேண்டும் என்பதால், அதுவரை ஓவியம் கையில் இருக்குமா என்பதுதான் கேள்வி. நான் இரண்டு முறையும் எடுத்துவிடுகிறேன்.

அந்த நீலம்

இனி நிறம். ஓவியத்தின் பக்கத்தில் ஒரு கிரே கார்டை, அதாவது எந்த நிறமும் சாயாத சாம்பல் அட்டையை, வைத்து ஒரு படம், அதை அகற்றிவிட்டு ஒரு படம். முதல் படத்தில் சாம்பலைக் காட்டி ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் சாயலை நீக்கும் நிறச் சமனை) எடிட்டிங்கில் சரிசெய்து, அதையே இரண்டாவதுக்கும் போட்டால் மொத்த நிறமும் இடத்துக்கு வந்துவிடும். தானியங்கி முறையோடு இதை ஒப்பிடவே வேண்டியதில்லை.

அப்படியும் அந்த நீலம் மட்டும் வரவில்லை. ஊதா சாய்ந்தே நின்றது. அவள் பூசியிருந்தது கோபால்ட் நீலம். அது நீலத்தோடு நிற்காமல், சிவப்பின் கடைக்கோடியிலும் அதைத் தாண்டிய அகச்சிவப்பிலும் நிறைய ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்தப் பக்கம் நம் கண் மந்தம், சென்சார் அவ்வளவு மந்தமில்லை. நாம் காணாத சிவப்பைக் கேமரா கண்டு நீலத்தில் கலந்துவிடுகிறது. கிரே கார்டுக்கு இதைத் தீர்க்கும் சக்தி கிடையாது. எடிட்டிங்கில் நீலத்தை மட்டும் தனியாகப் பிடித்து, ஊதாவிலிருந்து நகர்த்த வேண்டியதுதான். அப்போது ஓவியம் பக்கத்திலேயே, பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஞாபகத்திலிருந்து நிறம் திருத்தினால் நம் ஆசைதான் படத்தில் ஏறும்.

பச்சை வேறு கதை. தாலோ பச்சை மாதிரி அழுத்தமான, நீலம் பாய்ந்த பச்சைகளில் பல, இணையத்தின் பொது நிற எல்லையான எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்குவதே இல்லை. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற எல்லை அகலமானது, அச்சுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோப்பை அப்படியே அனுப்பினால் சில திரைகளில் எல்லா நிறமும் சோகை பிடித்ததுபோல் தெரியும். அதனால் பகிர்வதற்கு எஸ்ஆர்ஜிபிதான். பச்சையில் கொஞ்சம் நஷ்டம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கே பகிர்வது?

உறவுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பைவிட்டால் வேறு வழியில்லை, பார்ப்பார்கள் என்ற உத்தரவாதமாவது உண்டு. ஆனால் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கி நசுக்கிவிடும். 2023-இல் வந்த எச்டி தேர்வு கொஞ்சம் தேவலை, டாக்குமெண்டாக அனுப்பினால் மூலக்கோப்பே போகும். அப்படிப் போகும்போது எடுத்த இடத்தின் தகவலும் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டு போகலாம், முதலில் நீக்கிவிடுங்கள்.

இன்ஸ்டாகிராம் புதியவர்களைக் கொண்டுவரும், அதற்கு விலையாக ஓவியத்தின் ஓரங்களைக் கேட்கும். சுயவிவரக் கட்டங்கள் சதுரத்திலிருந்து 2025-இல் 3:4 என்ற நெட்டுச் செவ்வகமாக மாறின. அகலமான நிலக்காட்சி வரைபவர்களுக்கு இரண்டுமே பாதகம்தான். ஓவியத்தைச் சுற்றி வெற்றிடம் விட்டு வைப்பதா, வெட்டக் கொடுப்பதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதமே நடந்தது. வெற்றிடம் வென்றது. ஓவியர் ஓட்டுக்கு இரண்டு மதிப்பு.

பகிர்ந்த ஆல்பத்தின் இணைப்பை அனுப்புவது மூன்றாவது வழி. பத்துப் பேரில் மூன்று பேர்தான் திறப்பார்கள், ஆனால் அந்த மூன்று பேர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ரெம்ப்ராண்ட்டின் ‘நைட் வாட்ச்’ ஓவியத்தை 8,439 தனிப் படங்களாக எடுத்து ஒட்டி, 717 கிகாபிக்சலில் 2022-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் வெளியிட்டதும் இந்தப் பெரிதாக்கும் ஆசைக்குத் தீனிதான். நமக்கு அவ்வளவு வேண்டாம். முழு ஓவியம் ஒன்று, தூரிகை அழுத்தமாக ஓடிய இடம் ஒன்று, கையெழுத்து மூலை ஒன்று. பாராட்டு பெரும்பாலும் இரண்டாவதுக்குத்தான் வருகிறது.

கேட்காமல் பகிர்வதா, கேட்டுப் பகிர்வதா என்பதில் போட்டியே இல்லை. ஒருமுறை பாதியில் நின்ற ஒரு படத்தை, அழகாக இருக்கிறதே என்று போட்டுவிட்டேன். “இப்படியே விட்டுடு, அருமை” என்று பலர் எழுதினார்கள். அவளுக்கு அதற்குப் பிறகு அந்தப் படத்தில் கை வைக்க மனம் வரவில்லை. அது இன்னும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. சட்டமும் அவள் பக்கம்தான். பெரும்பாலான நாடுகளில் ஓவியத்தின் காப்புரிமை வரைந்தவருக்கே, படமெடுத்த கணவனுக்கு அல்ல. தட்டையான ஓவியத்தை உள்ளது உள்ளபடி எடுத்த புகைப்படத்தில் புதிய காப்புரிமை எதுவும் பிறப்பதில்லை என்று 1999-இல் பிரிட்ஜ்மன்–கோரல் வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றமே சொல்லிவிட்டது. மூன்று மணி நேரம் விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்கு இது கொஞ்சம் வலிக்கும்.

போன வாரம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு குளத்தை எடுத்தேன். நீலத்தைத் தனியாகத் திருத்தி, ஃபோனை அவளிடம் நீட்டினேன். வழக்கம்போல் கேன்வாஸுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். “நீலம் பரவாயில்லைங்க” என்றாள். பிறகு கரையோரப் பச்சையைப் பெரிதாக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை.