செட்டிநாட்டில் சூரிய மின்சாரம்: கூரையிலா, பேட்டரியிலா, கிணற்றடியிலா?

சூரிய மின்சாரம் எளியவருக்கும் எட்ட வேண்டுமானால் மானியத்தை எதில் போடுவது என்ற கேள்விக்கு, எங்கள் பகுதியில் மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன.

மின்வாரியக் கம்பியோடு இணைந்த கூரைச் சூரியத் தகடுகளுக்குத்தான் விளம்பரம் அதிகம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும்; ஆனால் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அந்த வரம்புக்குள் வாழும் குடும்பத்துக்கு இதனால் மிச்சமாவது ஒன்றுமில்லை. ஏசி ஓடும் வீட்டுக்கே லாபம். பழைய வீடுகளின் நாட்டு ஓட்டுச் சரிவில் தகட்டைத் தாங்கும் சட்டம் அடித்தால் ஓடு உடைந்து மழைக்கு ஒழுகும். தட்டையான தளம் இருந்தாலும், வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கையில் எல்லோரையும் இசைய வைப்பது எளிதல்ல. இன்னொன்றையும் பலர் கேட்டறிவதில்லை: கம்பியில் மின்சாரம் நின்றால், பழுது பார்ப்போரின் பாதுகாப்புக்காக தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். மாடியில் தகடு வெயிலில் தகிக்க, கீழே பட்டாலையில் அப்பத்தா பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருப்பார்.

பேட்டரி வைத்தால் அந்தக் குறை தீரும். 2003 முதல் வங்கதேசம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இவ்வகைச் சிறு அமைப்புகளைக் கொண்டு சென்றது; கம்பி எட்டாத ஊர்களுக்கு அது பெரிய வெளிச்சம். கம்பி ஏற்கெனவே வந்துவிட்ட நம் ஊர்களிலோ, சில ஆண்டுகளுக்கொருமுறை பேட்டரி மாற்றும் செலவை ஏழை வீடு தாங்காது.

ஆகவே என் தேர்வு கிணற்றடிச் சூரிய மோட்டார்தான். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமே என்றாலும், அந்த இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் இருக்கிறார்கள். 2019இல் வந்த, விவசாயிகளுக்கான மத்திய அரசின் பிஎம் குசும் சூரிய மின் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் பொதுவாக 60 விழுக்காடு மானியத்தில் மோட்டார் கிடைக்கிறது. பகலில் இறைத்த நீரைத் தொட்டியில் தேக்கிக்கொள்ளலாம் என்பதால் பேட்டரியே தேவைப்படாது. ஆனால் கண்மாயும் ஊரணியும் மழையை நம்பியே நிற்கும் இந்த வறண்ட பூமியில், காசில்லாமல் இறைக்க முடிந்தால் நிலத்தடி நீர் வேகமாக வற்றும். எனவே சொட்டுநீர்க் குழாய் போடுபவருக்கே மானியம் என்று வைத்து, மீதித் தொகையைக் கட்ட இயலாத சிறு விவசாயிகள் நான்கைந்து பேர் ஒரே கிணற்றுக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கவும் வழி செய்ய வேண்டும்.