ஹோமா, வளர்ப்புக் குடும்பமா, மாதம் 4,000 ரூபாயா?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில் ஆதரவு தேவைப்படும் குழந்தை எங்கே வளர வேண்டும் என்று உத்தரவிடும் குழந்தைகள் நலக் குழு, ஏதாவது ஒரு மாவட்டத்தில், அதன் வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி வருவார். மகன் குடித்தே செத்திருப்பான்; மருமகள் வேறு வாழ்க்கை தேடிப் போயிருப்பாள். "இவனை ஒரு நல்ல ஹோமில் சேர்த்துவிடுங்கள் தம்பி, மூன்று வேளை சோறும் படிப்பும் கிடைத்தால் போதும்" என்பார். சமூகப் பணியாளனாக இந்த வார்த்தைகளை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எண்ணியதில்லை. பாட்டி கேட்பது சோறும் படிப்பும். அவை கிடைக்கும் இடத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே பெயர் ஹோம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்தப் பாட்டிக்கு மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. பதிவுபெற்ற குழந்தைகள் இல்லம் ஒன்று. குழந்தையைச் சில காலம் வேறொரு குடும்பம் வளர்த்துக் கொடுக்கும் வளர்ப்புப் பராமரிப்பு இரண்டாவது. குழந்தை இருக்கும் வீட்டிலேயே இருக்க, அரசு மாதாமாதம் பணம் கொடுக்கும் நிதி ஆதரவு மூன்றாவது. கூடியவரை குடும்பத்தை ஒட்டிய வழியையே தேட வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் பெரும்பாலும் ஹோமே முதலில் நினைவுக்கு வருகிறது. காரணம் எளிது. ஹோமில் சேர்க்க ஓர் உத்தரவு போதும், அன்று மாலையே கோப்பு மூடிவிடும். மற்ற இரண்டிலும் கோப்பு ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

ஹோமைத் திட்டுவது இப்போது சமூகப் பணி வட்டாரத்தில் நாகரிகமாகிவிட்டது. நான் அதில் சேர மாட்டேன். அடிக்கும் தகப்பனிடமிருந்து இரவோடு இரவாக மீட்கப்பட்ட குழந்தைக்கும், ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் சிறுவனுக்கும், குழந்தைத் திருமணத்திலிருந்து தப்பி வந்த பெண்ணுக்கும் அன்றிரவு ஒரு கூரை வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் வளர்ப்புக் குடும்பத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. நல்ல இல்லத்தில் நேரத்துக்குச் சாப்பாடு, மருத்துவம், படிக்க ஒரு மூலை எல்லாம் கிடைக்கும். பல வீடுகளில் இவை கிடையாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மாமல்லபுரத்தை மறக்க முடியாது. அங்குள்ள அனாதை இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக எழுந்த புகாரிலிருந்து தொடங்கிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று விரிவான தீர்ப்பை வழங்கியது. அந்த வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்யுங்கள், சமூகத் தணிக்கை நடத்துங்கள், இல்லத்துக்கு மாற்றான வழிகளுக்கு ஊக்கம் கொடுங்கள் என்றது நீதிமன்றம். இன்றும் ஓர் இல்லத்தின் படியேறினால் நான் முதலில் பார்ப்பது சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்பதைத்தான்.

இல்லத்தின் இன்னொரு கோளாறு யாருடைய குற்றமும் இல்லாமல் நடப்பது. அக்காவும் தம்பியுமாக இருவர் வந்தால், அக்கா பெண்கள் இல்லத்துக்கும் தம்பி ஆண்கள் இல்லத்துக்கும் போவார்கள். அப்பாவை இழந்த பிள்ளைகள், அடுத்த வாரமே ஒருவரையொருவர் இழப்பார்கள். அப்புறம், இல்லத்தை விட்டு வெளியேற வேண்டிய 18ஆவது பிறந்தநாள். பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. 21 வயது வரை உதவலாம். அது எல்லோரையும் எட்டுவதில்லை. பத்து ஆண்டுகள் மணியடித்தால் சாப்பிட்டுப் பழகியவனுக்கு வாடகை வீடு பிடிக்கவோ, ரேஷன் கடை வரிசையில் நிற்கவோ, தீபாவளிக்கு எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்று முடிவு செய்யவோ தெரியாது.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வைக் காட்டிப் பலரும் வாதாடுவார்கள். ஆறு காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்குப் பலன் கூடுதல். வலுவான ஆய்வுதான். ஆனால் அவர்கள் கைக்குழந்தைகள். நம் இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பள்ளி வயதுப் பிள்ளைகள். தாயையோ பாட்டியையோ நன்றாக நினைவில் வைத்திருப்பவர்கள். அந்த ஆய்வை அப்படியே இங்கே ஒட்ட வைப்பது நேர்மையாகாது.

இனி வளர்ப்புக் குடும்பம். காகிதத்தில் இதுதான் மிக அழகான வழி. 2024இல் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. திருமணமாகாதவர், கணவனை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் என 35 வயதைத் தாண்டிய தனிநபரும் குழந்தையை வளர்க்கலாம். தனி ஆணிடம் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். இரண்டு ஆண்டுகள் நன்றாக வளர்த்த பின் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அப்படியும் நம் ஊரில் இது வேர் பிடிக்கவில்லை. விருப்பம் தெரிவித்து வரும் தம்பதியின் முதல் கேள்வி, "அப்புறம் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?" என்பதாகத்தான் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது வாரிசு. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையை, அதன் அம்மா இடையிடையே வந்து பார்த்துவிட்டுப் போவதைச் சகித்துக்கொண்டு வளர்க்கும் மனம் அபூர்வம். இரண்டாவது கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்: "எந்த ஊர்ப் பிள்ளை, எந்த மாதிரி குடும்பம்?" கேட்பது சாதியை என்று எல்லோருக்கும் தெரியும். இத்தனைக்கும் அத்தை வீட்டிலும் மாமன் வீட்டிலும் பிள்ளை வளர்வது நமக்குப் புதிதே இல்லை. உறவுக்குள் சர்வ சாதாரணமாக நடப்பது, உறவு இல்லாத இடத்தில் நின்றுவிடுகிறது. தேடி வர உறவே இல்லாத, தத்துப் போகும் வயதையும் தாண்டிவிட்ட பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வழி உயிர் மாதிரி. மற்றவர்களுக்கு இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில், இல்லத்தில் இருக்கும் குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மானியம். ஊழியர் சம்பளம் தனி. அதே குழந்தை வீட்டில் இருந்தால் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய். பாட்டி கேட்ட சோற்றுக்கும் படிப்புக்கும் இந்தப் பணம் பெருமளவு ஈடுகொடுக்கும். கூடவே பாட்டியும் இருப்பார்.

தமிழக அரசின் போக்கும் மெல்ல இந்தத் திசைக்கே திரும்பியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு இல்லங்களே முன்னால் நின்றன. நாகப்பட்டினத்தின் அன்னை சத்யா இல்லத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். 2021இல் கொரோனா பெற்றோரைப் பறித்தபோது, இருவரையும் இழந்த குழந்தை பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் 3 லட்சம், உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 3,000 என்று பணம் முன்னால் வந்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டமும் மாதம் 2,000 ரூபாய் தருகிறது.

ஆனால் பணம் வீடு வந்து சேரும் பாதை கல்லும் முள்ளும்தான். நிதி ஆதரவுக்கு ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் 6,000, 8,000. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கைம்பெண் உண்மையைச் சொன்னால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். பொய் சொல்லாதவருக்குத் தண்டனை. அடுத்தது சான்றிதழ்கள். கணவன் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் காட்டலாம். ஓடிப்போயிருந்தால்? கைவிடப்பட்டவர் என்று வருவாய்த் துறையிடம் சான்று வாங்க வேண்டும். அவன் திருவிழாவுக்கு வந்து போனதை அக்கம்பக்கத்தார் யாராவது சொல்லிவிட்டால் அதுவும் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்கு ஆதாரில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயரும் இருந்தன. ஓர் எழுத்துதான் வேறுபாடு. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பேரன் ஒரு வகுப்பைத் தாண்டிவிட்டான்.

இன்னொரு பயமும் நியாயமானது. பணம் குழந்தைக்குத்தான் போகிறதா, டாஸ்மாக்குக்குப் போகிறதா? இல்லத்துக்கு ஆய்வுக்குப் போனால் ஒரே கூரையின் கீழ் 50 பேரைப் பார்த்துவிடலாம். இங்கே 50 வீடுகளுக்கு நடக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பெட்ரோல் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் களத்துக்குப் போகக்கூடியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். கையில் பணம் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் இந்த வழியும் தோற்கும்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று அரசு விடுதிகள் இருக்கின்றன. வீட்டில் பகலிலும் இரவிலும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கூலித் தாய்க்கு இது பல நேரம் ஹோமைவிட நல்லது. விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும். ஊரில் யாரும் அதை 'ஹோம் பையன்' என்று அழைக்க மாட்டார்கள். விடுதியின் சாப்பாட்டையும் கழிப்பறையையும் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை; போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஆகவே அந்தப் பாட்டி வந்து உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இரவில் இவன் யார் பக்கத்தில் தூங்குகிறான்?" என்பது. "என் பக்கத்தில்தான்" என்றால் ஹோம் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வைத்துப் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கத் தொடங்குவேன். பாட்டி பதில் சொல்லுமுன் பையன் தலையைக் குனிந்துகொண்டால், அன்றிரவுக்கே இல்லத்தில் இடம் கேட்டுத் தொலைபேசியை எடுப்பேன்.