பூனைக்குப் பிளாஸ்டிக் கூம்பா, துணிக் கூம்பா?

கருத்தடை ஆபரேஷன் முடிந்த பூனை தையலை நக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றி எந்தக் கூம்பை மாட்டுவது என்று செங்கோட்டைப் பக்கம் யோசிப்பவர்களுக்கு:

பாதுகாப்பு: பிளாஸ்டிக் மூக்கைத் தாண்டி நீண்டிருந்தால் தையலுக்கு நாக்கு எட்டாது. துணி மடங்கும், கெட்டிக்காரப் பூனை வளைந்து நக்கிவிடும்.

சாப்பாடு: பிளாஸ்டிக் கூம்பு கிண்ணத்தில் இடிக்கும். தட்டையான தட்டைச் சற்று உயர்த்தி வையுங்கள். துணியில் அவித்த சாளை ஒட்டினால் வீடே நாறும்.

சுத்தம்: பிளாஸ்டிக்கைத் துடைத்தால் போதும். துணியைத் துவைக்கணும், ஆடிச் சாரலில் இங்கே வேட்டியே காயாது, இதுவா காயும்?

தூக்கம்: துணிதான். பிளாஸ்டிக் மாட்டியது கதவு நிலையில் முட்டி, பின்னோக்கியே நடக்கும், பாவம்.

எதுவானாலும் கழுத்துப்பட்டையில் இரண்டு விரல் நுழையணும்.

வயிற்றுத் தையலுக்குப் பிளாஸ்டிக்; பொதுவாக 10 முதல் 14 நாள். மடியைவிட்டு இறங்காத சாதுப் பூனைக்கு, வீட்டில் ஆள் இருக்கும் நேரம் மட்டும் துணி.