17 அடி ஹோம் தியேட்டர் அறை: முன்வரிசை அருமை, பின்வரிசை இடி

மாடியில் ஹோம் தியேட்டருக்கென்றே தனி அறை கட்டி, அதில் சில வருஷமாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புரொஜெக்டர், ரிசீவர், ஸ்பீக்கர் பற்றி ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது அறையைப் பற்றி. திருப்பூரில் வீடு கட்டும் நண்பன் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இன்ஜினியர் 12க்கு 12 ரூம் விட்டிருக்கார், தியேட்டருக்குப் போதும்ல மாப்ள?" என்று கேட்டான். போதாது என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அவன் கோபித்துக்கொண்டான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அறையின் உள்ளளவு 11க்கு 17, உயரம் 10 அடி. பின்னால் மாடிப்படி வருவதால் 17க்கு மேல் ஓரடிகூட இழுக்க வழியில்லை. திரை 110 இன்ச், அதாவது அகலம் 8 அடி. இரண்டு பக்கமும் ஒன்றரை அடி மிஞ்சும். அதில் ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. முன்வரிசை திரையிலிருந்து 11 அடியில். ரிக்ளைனரை முழுக்க விரித்தால் ஐந்து அடியாவது வேண்டும் என்பதால் பின்வரிசை 16 அடியில், சின்ன மேடை மேல்.

முன்வரிசையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. 11 அடியிலிருந்து பார்த்தால் 8 அடித் திரை கண்ணில் 40 டிகிரி விரிகிறது. சினிமாத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்எம்பிடிஇ-யின் பழைய பரிந்துரை குறைந்தது 30 டிகிரி. அதைத் தாண்டி, தலையைத் திருப்பாமல் பார்க்கிற எல்லைக்குள் இருக்கிறது. சத்தமும் அப்படியே. அறை நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தள்ளி உட்காரும்போது பேஸ், அதாவது அடித்தொண்டைச் சத்தம், அளவோடு விழுகிறது. வசனம் தெளிவாகக் கேட்கிறது. அம்மா சப்டைட்டில் கேட்பதையே விட்டுவிட்டார்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் பத்தடிக் கூரை. நாம் படிக்கும் அமெரிக்கக் கட்டுரைகளில் முக்கால்வாசி எட்டடிக் கூரையை மனதில் வைத்து எழுதியவை. அங்கே பின்வரிசைக்கு மேடை போட்டால் கூரை தலைக்கு வந்துவிடும். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் முறைக்காக மாட்டிய ஸ்பீக்கர் காதுக்குள் கத்தும். நம் ஊர் வீடுகளில் ஸ்லாப் சர்வசாதாரணமாக 10 அடியில் போடுகிறோம். அந்த இரண்டடி கூடுதலால் மழைச் சத்தம் ஒரு ஸ்பீக்கரிலிருந்து வருகிற மாதிரி இல்லாமல், மேலே பரவலாகக் கேட்கிறது. லைட் டிசைனுக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டு இந்த உயரத்தைக் குறைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த பாராட்டு சுவருக்கு. இரண்டு பக்கமும் பூசிய 9 இன்ச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபல் சத்தத்தைத் தடுத்துவிடும். இங்கே சண்டைக்காட்சி ஓடும்போது அடுத்த அறையில் அப்பா தூங்குகிறார். ஒலி ஒழுகுவது கதவு வழியாகத்தான். சுவர் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, அந்தச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவுக்கடியில் உள்ள இடுக்கை ரப்பர் பட்டை வைத்து அடைத்த பிறகுதான் கொடுத்த செங்கல் காசுக்குப் பலன் கிடைத்தது.

அதே சுவர்தான் பின்வரிசையில் என் உயிரை எடுக்கிறது.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1130 அடி போகும். 17 அடி நீள அறையில் போய்த் திரும்ப 34 அடி. 1130-ஐ 34 ஆல் வகுத்தால் 33 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 33 அதிர்வு. அந்த அலைவரிசையும் அதன் மடங்கான 66-ம் இரண்டு கோடிச் சுவர்களுக்கும் நடுவே முட்டி மோதி நிற்கும். சுவரை நெருங்க நெருங்க அழுத்தம் கூடும். பின்வரிசையில் உட்காருபவரின் தலைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஓரடிதான். மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்கச் சுவராக இருந்தால் கொஞ்சம் அதிர்ந்து பேஸில் ஒரு பங்கை உறிஞ்சிவிடும். செங்கலும் சிமென்ட் பூச்சும் அசையாது. உள்ளே போட்ட பேஸ் அத்தனையும் உள்ளேயே சுற்றுகிறது. குத்துப்பாட்டில் டிரம் ஒவ்வொரு தடவை விழும்போதும் பின்வரிசையில் "கும்" என்று ஒரே சுருதியில் அடைக்கும். எந்தப் படம், எந்த இசையமைப்பாளர் என்ற வித்தியாசமே தெரியாது. எல்லாம் என் அறையின் நீளத்தைத்தான் வாசிக்கின்றன. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரன் பின்னால்தான் உட்கார வேண்டும். ஆகவே நல்ல படத்தையெல்லாம் முதல்முறை நான் பின்வரிசையில்தான் பார்க்கிறேன்.

இதற்கு மருந்து என்று கடையில் விற்கும் முட்டைத்தட்டு ஃபோமைப் பற்றி நிதானமாகப் பேச என்னால் முடியவில்லை. 33 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 34 அடி. இரண்டு இன்ச் ஃபோம் அதை என்ன செய்துவிடும்? உறிஞ்சுவதெல்லாம் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத்தான். அளவுக்கு மீறி ஒட்டினால் பாட்டின் பளபளப்பு செத்து, இடி மட்டும் மிஞ்சும். இதைச் 'சவுண்ட் ப்ரூஃப்' என்று சொல்லி சதுர அடிக் கணக்கில் காசு வாங்குவது அநியாயம்.

உண்மையில் வேலை செய்தது இரண்டாவது சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர். ஒன்று முன்சுவரின் நடுவில், இன்னொன்று பின்சுவரின் நடுவில். இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிரே தள்ளும்போது 33 அடங்கிவிடுகிறது. ஹார்மன் ஆடியோ நிறுவனத்தில் டாட் வெல்டி 2000-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வின் அடிப்படையும் இதுதான். அறையின் ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருளில் மைக் வைத்து அளந்தேன். வரைபடத்தில் 33-க்கான கோடு நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் 66 அடங்கவில்லை, இந்த அமைப்பில் அடங்கவும் அடங்காது. டிரம்மின் அடி விழுவது அந்தப் பக்கம்தான். ஈக்வலைசரில் 66-ஐக் குறைத்தால் முன்வரிசையில் பாட்டு சப்பென்று ஆகிறது. இரண்டு வரிசைக்கும் ஒரே மருந்து கிடையாது.

12க்கு 12 ஏன் வேண்டாம் என்பது இப்போது புரியும். என் அறையில் நீளத்துக்கு 33, அகலத்துக்கு 51, உயரத்துக்கு 56 என்று தொல்லை மூன்று இடத்தில் பிரிந்து கிடக்கிறது. சதுர அறையில் நீளமும் அகலமும் ஒரே 47-ல் வந்து ஏறி உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு உட்காரும் இடம் அறையின் நடுவில் விழும். அங்கே அந்த 47 கேட்கவே கேட்காது, சுவரோரம் மட்டும் இடிக்கும். அறையின் உயரம், அகலம், நீளத்துக்கு லௌடன் என்பவர் 1971-ல் கணக்குப் போட்டுச் சொன்ன விகிதம் 1 : 1.4 : 1.9. நம் பத்தடி உயரத்துக்கு அது 14க்கு 19. பிளானில் தியேட்டரை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறதே, அதை உடைத்தால் இந்த அளவு கிட்டத்தட்ட வந்துவிடும். சதுரம்தான் வாஸ்துக்கு நல்லது என்று வீட்டில் சொன்னால், அந்தச் சதுரத்தைப் பூஜை அறைக்குக் கொடுக்கட்டும்.

சென்டரிங் அடிக்கும் முன்பே சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: புரொஜெக்டருக்கு ஸ்லாபில் போகும் பைப் இரண்டு இன்ச் இருக்கட்டும். எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் முக்கால் இன்ச் பைப்பில், வளைவு இருந்தால், எச்டிஎம்ஐ தலை நுழையாது. பத்து மீட்டருக்கு மேல் போனால் செம்பு வயரை நம்பாமல் ஃபைபர் கேபிள் வாங்குவது நல்லது. ஏசியைத் திரைக்கு மேலே மாட்டக் கூடாது. அமைதியான காட்சியில் அதன் இரைச்சல்தான் வசனமாகிவிடும்.

இவ்வளவு பாராட்டிய பிறகும் இன்றைக்கு என்னைக் கேட்டால், 19 அடி நீளம் தர முடியாதவர்கள் இரண்டு வரிசை போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். சதுர அறைதான் கிடைக்கும் என்றால் தனி அறையே வேண்டாம். அந்தக் காசில் ஹாலுக்கு நல்ல டிவி வாங்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை முழுப் படத்தையும் பின்வரிசையில் பார்த்த ஆத்திரம் இதில் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. முன்வரிசையில் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். இப்போது மூன்று.

தீபாவளி லீவுக்கு அக்கா பிள்ளைகள் வந்து போனதும் பின்மேடையைக் கழற்றப் போகிறேன். அந்த இடத்தில் பின்சுவர் முழுக்க ஒன்றரை அடி கனத்துக்கு ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) வைத்துத் துணி போர்த்துவதாகத் திட்டம். "பிள்ளைங்க எங்கடா உக்காருவாங்க?" என்று அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். கீழே மெத்தை போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முன்வரிசை இப்போதிருக்கும் இடத்திலிருந்து ஒரு இன்ச்கூட நகராது.